பவர் ஃபேக்டரும் அந்தோணியும்

எலெக்ட்ரீஷியன் வேலையில் ஷாக் கம்பியிலிருந்து மட்டும் வருவதில்லை, கூட வேலை பார்ப்பவனிடமிருந்தும் வரும். உங்களுக்கும் அப்படி ஒருத்தன் வாய்த்திருப்பான், சொன்னால் புரியும். அறுபதுகளில் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு காண்டிராக்டரிடம் நானும் அந்தோணியும் இருந்தோம். எங்கள் மண்டோர், அதாவது மேஸ்திரி, கப்பலேறி ஊருக்குப் போகவிருந்தார். அந்த மண்டோர் வேலை எனக்கு வேண்டும். அது அந்தோணிக்குப் போய்விடுமோ என்று வயிறு எரிந்தது.

பெரிய மோட்டார்

பக்கத்து மில்காரர் புது மோட்டார் வாங்கினார் என்பதற்காக, எங்கள் வாடிக்கைக்காரரான ஒரு மாவு மில் முதலாளி அதைவிட இரண்டு மடங்கு பெரியதாக வாங்கி மாட்டிவிட்டார். அரைப்பதோ அதே மிளகாயும் மல்லியும்தான். ஒயர் சுட்டது, ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது.

"பெரிய மோட்டார் சுமையில்லாம ஓடினா பவர் ஃபேக்டர் விழுந்துடும், வேலைக்கு உதவாத கரண்டும் ஒயர்ல ஓடும், சின்னதா மாத்துங்க" என்றேன்.

"சின்னதை மாட்டினா பக்கத்து மில்காரன் சிரிப்பான் லா. மோட்டார் இருக்கட்டும், விழுந்ததை நீங்க தூக்கி விடுங்க!"

லாரிக் கதை

மறுநாள் கண்டென்சரோடு போனோம். அது எதற்கு என்று முதலாளி கேட்டார். நான் கோணம், கோசைன் எல்லாம் படம் போட்டு விளக்கினேன். கொட்டாவி விட்டார்.

அந்தோணி குறுக்கே வந்தான். "லாரி நிறைய ஆளு வருது மொதலாளி. பாதிப் பேரு வேலை செய்றான், மீதிப் பேரு சும்மா வந்துட்டுத் திரும்பிப் போறான். லாரிக்கு என்னவோ முழு பாரம்தான். அந்தச் சும்மா ஆளுங்களுக்கு மில்லுக்குள்ளயே ஒரு கொட்டாய் போட்டா லாரி லேசாயிடும்ல? ஒயர்தான் லாரி, கரண்டுதான் ஆளு, இந்தக் கண்டென்சர்தான் கொட்டாய்."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று பற்றிக்கொண்டு வந்தது. மாட்டியதும் ஆம்பியர் மீட்டர் முள் இறங்கியது. கண்டென்சர் அளவைக் கணக்குப் போட்டவன் நான். முதலாளி கை கொடுத்தது அவனுக்கு. என்னிடம் சொன்னது இது:

"அடுத்த தடவை அந்தோணி மட்டும் வந்தா போதும் லா. நீங்க எதுக்கு வெயில்ல அலையணும்?"

புது மண்டோர்

மண்டோர் வேலை அவனுக்கே போனது. அன்று கோப்பிக் கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் பெருமையடித்தால் நன்றாகச் சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தவன் சொன்னான்:

"அண்ணே, எனக்கு வாய் மட்டுந்தான், கணக்கு வராது. கண்டென்சர் அளவு போட்டது நீங்கன்னு காண்டிராக்டர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க கூட இருந்தாத்தான் மண்டோரா இருப்பேன்னும் சொல்லிட்டேன்."

சுவரைக் குடைந்து ஒயர் இழுப்பதுகூடப் பழகிவிடும், ஆனால் நல்லவன்மேல் பொறாமைப்படுவது மாதிரிக் கஷ்டமான வேலை எங்கள் தொழிலில் வேறு கிடையாது.