பச்சை மருந்து ஏற்றிய தூண்கள்

மேஸ்திரி அந்தத் தூணைத் தட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வளர்த்த காளையைத் தட்டிக்கொடுப்பது போல, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தொடையளவு உப்புத் தண்ணீரில் நின்று தட்டினார். மரக்காணத்துக்குப் பக்கத்தில், கழிவெளி உப்பங்கழியில் உள்ள படகுத்துறைக்கு எங்கள் திண்டிவனம் மரவாடியிலிருந்து போன தூண்கள் அவை. உப்புத் தண்ணீரில் மரத்தைக் குடையும் புழு அண்டாமல் இருக்கச் செம்பு கலந்த பச்சை மருந்து ஏற்றியவை. மருந்து ஏற்றுவது மேஸ்திரியின் பொறுப்பு; லாரியில் ஏற்றி இறக்குவது என் வேலை. இரண்டாவது வரிசைக்கு அளவெடுக்கக் கான்ட்ராக்டர் எங்களை அன்று வரச் சொல்லியிருந்தார். மேஸ்திரிக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஒரு புழு தொட்டிருக்கா பாரு! நேத்து நட்டாப்புல நிக்குதுய்யா!"

அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, கூடையோடு பக்கத்தில் நின்றிருந்தாள். அங்கே சிப்பி பெயர்த்து விற்றுத்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

"புழு தொடல, வாஸ்தவம்தான். சிப்பியும் தொடல. புழுவ மட்டும் புடின்னு மருந்துகிட்ட நீங்க சொல்லி அனுப்பலியாண்ணே?"

வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். துறையின் பழைய பனந்தூண்களில் சிப்பி அப்பிக் கிடந்தது. எங்கள் தூண்கள் மொட்டையாக நின்றன. அக்கா தூணடிக் கல்லிலிருந்து ஒரு சிப்பியைப் பெயர்த்துக் கத்தியால் பிளந்து நீட்டினாள். சதையில் பச்சை ஏறியிருந்தது.

"இத யாருக்குண்ணே குடுப்பேன்? புது வரிச அந்தாண்ட வருதாமே. அங்கதான் மிச்சம் மீதி நல்ல சிப்பி இருக்குது."

மேஸ்திரி அதை வெகுநேரம் பார்த்தார். அவருடைய நகக்கண்ணில் எப்போதும் இருக்கும் அதே பச்சை. சட்டென்று கரையில் நின்ற கான்ட்ராக்டரைப் பார்த்துக் கத்தினார்.

"சார், டேப்ப சுருட்டுங்க! கூரைக்குப் போட்டா என் மரம் ராஜா. இந்தத் தண்ணிக்கு வேணாம். சிமெண்ட் தூண் போட்டுக்குங்க."

"இன்னா மேஸ்திரி, உன் சரக்க நீயே வேணான்றியா? உங்க மொதலாளிக்குத் தெரியுமா?"

"நான் சொல்லிக்கறேன் சார்."

எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. கூச்சம் விடவில்லை. திண்டிவனம் போய்ச் சேர்ந்ததும் முதலாளியிடம் அவரே சொன்னார். அந்த மாதத்தோடு அவருக்கு மரவாடியில் வேலை இல்லை. இப்போது விழுப்புரத்தில் ஒரு கட்டில் கடையில் இருக்கிறார்.

இரண்டாவது வரிசைக்குச் சிமெண்ட் தூண் நட்டு இரண்டு வருஷம் ஆன பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். நீர் வற்றிய நேரம். துறையில் இறங்கியவன், பார்த்ததும் மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, சிமெண்ட் தூணு முழுக்க சிப்பிண்ணே! தூணே தெரியல! அக்கா கத்திய வக்க எடம் தேடிக்கினு இருக்குது!"

அந்தப் பக்கம் கடையே அதிர்வது போல ஒரு சிரிப்பு.

"நல்லா வேணும்யா அந்த சிமெண்ட்டுக்காரனுக்கு! தூணே தெரியலன்னா, என்னாட்டம் தட்டிக் காட்டி அவனால பெரும பேச முடியாது பாரு!"