டின் பால் சீட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், மலாயாவில் சிம்பாங் பூலாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரெசராக இருந்தேன். கட்டுப் போடுவது, மருந்து கலக்குவது, பல் பிடுங்குவது எல்லாம் என் பொறுப்பு. டாக்டர் மாதம் ஒரு முறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் நானே டாக்டர் என்ற நினைப்பு தோட்டத்துக்கு இருந்ததோ இல்லையோ, எனக்கு இருந்தது.

நீரிழிவு என்றால் எங்கள் தோட்டத்தில் ஒரே ஆள்தான். ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த பெரிய கிராணி. நல்ல பருமன். சனிக்கிழமைதோறும் சிறுநீரைப் பிராந்திப் போத்தலில் கொடுத்தனுப்புவார். நீல மருந்தில் சில சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பேன். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் ஏராளம். அவருடையது பெரும்பாலும் மஞ்சளில் நிற்கும். தன் அப்பாவுக்கும் இருந்தது என்று, பூர்வீகச் சொத்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார். கால் விரல் ஒன்று அழுகி எடுக்க வேண்டியதாயிற்று, கண் மங்கியது. ஆனாலும் சோற்றைக் குறைத்துக்கொண்டு வருடக்கணக்கில் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து நெய் சாப்பிடுகிறவர்களின் வியாதி இது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும், பெண் ஒருத்தி இருந்தாள். இருபது வயதுக்கு மேல் இராது. விடியற்காலை பெரட்டில், ஆள் எண்ணும் களத்தில், மலேரியா வராமலிருக்க வரிசையாக எல்லார் வாயிலும் கொய்னா மருந்து ஊற்றுவேன். விழுங்கியதும் அவள் குழாயடிக்கு ஓடி வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பாள். கொய்னா கசப்புக்கு ஆறே வற்றிவிடும் போலிருக்கிறது என்று கேலி செய்தேன். வரிசை சிரித்தது. அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவள் மெலிந்துகொண்டே வந்தாள். தோட்டத்தில் மெலிந்தால் மலேரியா, இல்லாவிட்டால் கொக்கிப்புழு. இரண்டுக்கும் மருந்து கொடுத்தேன். அவளுடைய சிறுநீரைக் கொதிக்க வைக்க எனக்குத் தோன்றவில்லை. தேறாத நோயாளிக்கு வாரம் இரண்டு டின், சர்க்கரை போட்டுச் சுண்டிய இனிப்புப் பால் கொடுப்பது தோட்டத்து வழக்கம். டிரெசர் சீட்டு எழுதினால்தான் ஸ்டோரில் தருவார்கள். அவளுக்கு எழுதினேன். அப்படி எழுதும்போதெல்லாம் என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் வரும்.

மூன்று வாரம் கழித்து, கூலிகளின் வரிசை வீடுகள் இருந்த லயத்திலிருந்து அவள் புருஷன் வந்தான். அவளுக்காக வரவில்லை.

"டிரெசர் ஐயா, கொஞ்சம் மண்ணெண்ண குடுங்க. லயத்துக்குப் பின்னாடி எறும்பு தாங்க முடியல."

எந்த இடத்தில் என்று கேட்டேன். தரையைப் பார்த்தான்.

"அவ ஒண்ணுக்குப் போற எடத்துலதான்யா."

மண்ணெண்ணெய் கொடுக்காமல் போத்தல் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். அவன் கொண்டுவந்ததைச் சூடாக்கினேன். நன்றாகக் கொதிக்கும் முன்பே கண்ணாடிக் குழாயில் நீல மருந்து செங்கல் நிறமாயிற்று.

தோட்டத்து லாரியில் ஈப்போவுக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே அவளுக்கு நினைவு தப்பியது. மூச்சு ஆழமாக இழுத்தது. அதில் அழுகிய பழ வாடை இருந்தது. அங்கிருந்த டாக்டர் குனிந்து முகர்ந்ததுமே தெரிந்துகொண்டார். பருத்தவர்களுக்கு வருவது ஒரு வகை, சாப்பாட்டைக் கட்டினால் ஓட்டலாம். இளவயதில் இப்படி மெலிய வைத்து வருவது வேறு, இது காத்திருக்காது என்றார். வெளிநாட்டில் புதிதாக ஊசி கண்டுபிடித்திருக்கிறார்களாம். அவர் இன்னும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை.

என்ன கொடுத்தாய் என்று கேட்டார். கொய்னாவும் புழு மருந்தும் என்றேன். வேறு? வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

ஒரு வாரத்துக்குப் பிறகு புருஷன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். கையில் உடைக்காத பால் டின் இரண்டு. அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்ததாம்.

"எனக்குன்னு எடுத்து வச்சிருக்காய்யா. இதையும் நான் குடிக்க வச்சிருந்தா பொழச்சிருப்பாளா?"

டின்களை வாங்கி மேசையில் வைத்தேன். அவன் போகாமல் நின்றான்.

"உன் மேல தப்பு இல்ல," என்றேன்.

பின்னே யார் மேல் என்று அவன் கேட்கவில்லை. கேட்டுவிடுவானோ என்ற பயத்தில், அவன் லயத்துப் பக்கம் திரும்பும்வரை நான் மருந்துப் போத்தல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.