தேவகி அக்காவின் நம்பர் பிளேட் ஆட்டம்

அன்று காலை எங்கள் ஊர்த் திருப்பத்தில் தேவகி அக்காவின் ஆட்டோவுக்குப் பதிலாக வேறொரு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்காமலேயே சொன்னார்: "தேவகி இல்லம்மா. சனிக்கிழமை காய்ச்சல்னு திருப்பதி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனாங்களே, அங்கயே உசுரு பூட்ச்சி. ஏறுங்க, ஸ்கூலுக்கு டைம் ஆவுது."

நாங்கள் ஏறவில்லை. என் வகுப்புப் பையன் பரத் என் காதருகே வந்து, "நம்பாதடி. எங்கனா ஒளிஞ்சினு நம்மளப் பாத்துக்கினு இருக்கும்" என்றான். நானும் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒருமுறை அக்கா பால் சொசைட்டிக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு, நாங்கள் பதறுவதை வேடிக்கை பார்த்திருக்கிறார். ஆனால் இந்த மனிதர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஏறினோம்.

அக்காவின் ஆட்டோவில் வந்தவர்களுக்கு அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வராதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரிலிருந்து சித்தூர் பள்ளிக்கூடம் வரை பலமனேர் சாலையில் வருவோம். எங்களை முந்திக்கொண்டு போகும் கார், லாரி, பஸ்களின் நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு மாநிலம். ஆந்திராவின் ஏபி வண்டிக்கு ஒரு பாயிண்ட், கர்நாடகாவின் கேஏவுக்கு இரண்டு, தமிழ்நாட்டின் டிஎன்னுக்கு மூன்று. வேறு எந்த மாநிலமானாலும் பத்து. சாயந்திரம் திரும்பும்போது, திருமலையிலிருந்து வரும் காரில் மொட்டைத் தலை தெரிந்தால் இரட்டிப்பு. காலையில் பெட்ரோல் பங்க் வந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். ஜெயித்தவர் பள்ளிக்கூட வாசலில் ஹாரன் அடிக்கலாம். பரிசு அவ்வளவுதான். அந்த ஹாரனுக்காக நாங்கள் சண்டை போட்டு ஒருவரோடொருவர் பேசாமல் இருந்த நாட்களெல்லாம் உண்டு.

முன்னால் அக்காவின் பக்கத்தில் அவர் மகள் ஹாசினி உட்காருவாள். ஆறாம் வகுப்பு. அவளுக்குக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகள் தெரியும். அதனால் அம்மாவும் மகளும் கூட்டு என்று நான் முதலில் சந்தேகப்பட்டேன். அதை அக்காவிடமே சொன்னேன்.

"அப்பிடியா புஸ்தகம்?" என்றார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "அப்போ அவளுக்கு வெளி ஸ்டேட்டு. எப்பயோ ஒண்ணு வரும். போதுமா?"

ஹாசினி உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு அதுதான்.

என் சந்தேகம் அதோடு தீரவில்லை. அக்கா ஓட்டும் வேகம் ஒரே மாதிரி இருக்காது. பங்க் நெருங்கும்போது சில நாள் மெதுவாகப் போவார், சில நாள் பறப்பார். மெதுவாகப் போனால் பின்னால் வரும் வண்டி முந்தும். யாருக்காவது பாயிண்ட் விழும். விளையாட்டு என்றால் எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். பரத்தையும் சேர்த்துக்கொண்டு அக்காவிடம் நிபந்தனை போட்டேன்: இனி ஒரே வேகம், எல்லா மாநிலத்துக்கும் ஒரே பாயிண்ட்.

"சரே" என்று உடனே ஒத்துக்கொண்டார். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க ஏபிதான் ஜெயித்தது. எங்கள் சாலையில் ஏபி வண்டிதானே அதிகம்? காலையில் யார் ஏபி எடுக்கிறார்களோ அவர்தான் ஹாரன் அடிப்பார் என்று கிளம்பும்போதே தெரிந்துவிட்டது. பரத் தூங்க ஆரம்பித்தான். ஹாசினி விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை அக்கா திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "நியாயம் நல்லாத்தான் கீது. ஆட்டம் எங்க பூட்ச்சி?"

திங்கட்கிழமை பழைய ஆட்டத்துக்கே திரும்பினோம்.

நான் ஜெயித்தது சங்கராந்தி லீவுக்கு முந்தைய நாள். என்னுடையது டிஎன். பரத்தைவிட ஒரே ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தேன். பங்க் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜிகினா தொங்கவிட்ட பெரிய லாரி ஒன்று எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. ஆர்ஜே, ராஜஸ்தான் வண்டி. முந்தினால் ஹாசினிக்குப் பத்து, அவள்தான் ஜெயிப்பாள். அவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, சீட்டின் நுனிக்கு வந்து அம்மாவைப் பார்த்தாள். அக்கா ஆக்சிலரேட்டரை முறுக்கினார். ஆட்டோ உதறிக்கொண்டு ஓடியது. பங்க்கைத் தாண்டிய பிறகுதான் லாரி எங்களை முந்தியது.

ஹாரன் அடித்தேன். ஆனால் கையை எடுக்கும்போதே கேள்வியும் வந்துவிட்டது.

"அக்கா, வேணும்னுதான வேகமா வந்தீங்க?"

"பெல் அடிச்சிடும்னு வந்தேன். இன்னா, சந்தேகமா? சந்தேகம் இருந்தா நாளைக்கி நல்லா உத்துப் பாரு."

நாளைக்கு லீவு. அது அவருக்கும் தெரியும். லீவு முடிந்த பிறகும் நான் விடவில்லை. அந்த வெற்றி என்னுடையதா, அவர் கொடுத்ததா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். தினமும் அவருடைய கையைப் பார்த்தேன், கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அதற்குள் அவருக்குக் காய்ச்சல் வந்தது.

துக்கத்துக்குப் போனபோது அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஹாசினி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நானும் பரத்தும் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அக்கா, எங்கம்மா என்ன மட்டும் வேணும்னே தோக்கடிச்சிதா?"

அவள் ஒருநாள்கூட ஹாரன் அடித்து நான் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளும் கண்ணாடியில் பார்த்தவள்.

"அந்த ஆர்ஜே லாரிய நானும் பாத்தேன்" என்றேன். "என்ன ஜெயிக்க வெச்சிதோன்னு எனக்கும் சந்தேகம்தான்."

"உன்ன எதுக்கு ஜெயிக்க வெக்கப் போவுது?" என்றான் பரத். "என்ன தோக்கடிக்கத்தான் வேகமா வந்திச்சி. நான் எப்ப முன்னால போனாலும் அப்பிடித்தான்."

"போடா. நீ முன்னால போனதே மூக்கொழுகினு தூங்கும்போதுதான்" என்றாள் ஹாசினி.

"உனுக்கென்ன, ஓனர் பொண்ணு."

"ஓனர் பொண்ணுன்னா எனக்கு ஏன்டா ராஜஸ்தான் குடுத்திச்சி?"

குரல் உயர்ந்துவிட்டது. பந்தலில் இருந்த பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹாசினி சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே ஆட்டோவில், ஒரே ஆட்டத்தை ஆடியிருக்கிறோம். ஆளாளுக்கு அக்கா தனக்கு எதிர்க்கட்சி என்று நினைத்திருக்கிறோம். நினைத்துக்கொண்டே மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து நின்றிருக்கிறோம்.

அதன் பிறகு எனக்கு இன்னொன்று தோன்றியது. நான் இருபது பாயிண்ட் எடுத்திருந்த நாளில்கூட நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. காரணம் ஹாசினி. பின்னால் ஒரு லாரி தெரிந்தால் போதும், வெளி ஸ்டேட்டோ என்று பயந்து திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். அந்தப் பயம் இல்லாவிட்டால் பாதி வழியிலேயே ஆட்டம் செத்திருக்கும். யாராவது ஒருவர் அந்தத் தோற்கும் இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைக்க மனமில்லாமல் அக்கா தன் மகளை உட்கார வைத்தாரோ? இது என் ஊகம். கேட்டிருந்தால் "பெல் அடிச்சிடும்னுதான்" என்றிருப்பார்.

காரியம் முடிந்து ஹாசினி மறுபடியும் பள்ளிக்கூடம் வந்தாள். அன்று காலை வந்த புது அண்ணனின் ஆட்டோ. அவர் ஒரே வேகத்தில் ஓட்டுகிறார், பாட்டு போடுகிறார். ஹாசினி எங்களோடு பின்னால் உட்கார்ந்தாள். பிறகு பரத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏபி நீ எடுத்துக்கோ ஹாசினி. நான் வெளி ஸ்டேட் பாத்துக்கறேன்" என்றான். அவன் ஏபியை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

"வாணாம்" என்றாள் ஹாசினி. "எனக்கு வெளி ஸ்டேட்டே இருக்கட்டும்."

"தோத்துடுவ."

"பரவால்ல."

"ஏன்டி?"

"சும்மாதான்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தச் 'சும்மாதான்' எனக்குச் சரியாகப் படவில்லை. அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அம்மா அவளிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்; அல்லது அவளே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

தேவகி அக்கா எனக்கு ஹாரனை விட்டுப் போகவில்லை. என் வெற்றி உண்மையா என்பதைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார். சந்தேகத்தை மட்டும் விட்டுப் போயிருக்கிறார். அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இப்போது ஹாசினியை உற்றுப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.