சட்டிக்குப் போட்ட பட்டை

ஐந்தாறு வருசத்துக்கு முன்னால், கொழும்பு மட்டக்குளியில் நடந்தது. ஹோட்டல்களுக்குப் பெரிய பெரிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டி செய்கிற ஒரு பட்டறை. சில சட்டிகளின் அடி மட்டமாக இல்லாததால் மின்சார அடுப்பில் சரியாகச் சூடு ஏறவில்லை என்று ஹோட்டல்காரர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அடியை அளந்து பார்க்க, அளவு மெஷின் விற்கிற எங்கள் கம்பனியில் பட்டறைக்காரர்கள் ஒரு மெஷின் கேட்டார்கள்.

அதை அங்கே பொருத்திப் பூட்டப் போனது நான். வெள்ளவத்தை ஒபிசில் டெலிபோன் எடுப்பதுதான் அப்போது என் வேலை. டிப்ளோமா முடித்தவளுக்கு டெலிபோனா என்று நாலு மாதம் சண்டை பிடித்து வாங்கிய முதல் வெளிவேலை. சரிவராவிட்டால் திரும்பவும் டெலிபோன்தான் என்று பொஸ் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

மெஷின் விசயம் லேசு. ஒரு சிவப்பு ஒளிப்புள்ளியைச் சட்டியில் விழுத்தும். பக்கத்தில் இருக்கிற குட்டிக் கமரா அதைச் சரிவாகப் பார்க்கும். சட்டி கிட்ட வந்தாலோ தூரப் போனாலோ கமராவில் புள்ளி இடம் மாறும். அதை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடும். ஒபிசில் அட்டையிலும் பலகையிலும் வைத்துப் பார்த்திருந்தேன், அச்சொட்டாகச் சொன்னது.

இங்கே சட்டியில் வைத்ததும் மெஷின் காட்டிய இலக்கங்கள் பேய் பிடித்த மாதிரிக் குதித்தன. வயரைக் கழற்றிப் பூட்டினேன், மெஷினை நிப்பாட்டித் திரும்பவும் போட்டேன், அதே கூத்துத்தான். பட்டறை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். கையைக் கட்டிக்கொண்டு நின்று, "தங்கச்சி, ஒபிசில வேற ஆக்கள் இல்லியா?" என்று கேட்டார். எனக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. பொஸ்ஸுக்குக் கோல் எடுத்தால், "சரிவராட்டி கழட்டிக்கொண்டு வாரும்" என்கிறார்.

நெற்றி வியர்வையைத் துடைத்த கையாலேயே சட்டியின் அடியைப் பிடித்துச் சுற்றித் திருப்பினேன். ஒரு இடத்தில் இலக்கம் டக்கென்று நின்றது. குனிந்து பார்த்தால், அங்கே என் விரல் அடையாளம். காலையில் ஜிந்துப்பிட்டி முருகனிடம் போய்ப் பூசிய திருநீறு.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. முகம் பார்க்கிற அளவுக்குப் பொலிஷ் போட்ட சட்டி, ஒளியைக் கண்ணாடி மாதிரி வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. கமராவுக்குப் புள்ளியே தெரியவில்லை, பாவம் அது என்ன செய்யும். ஹான்ட்பேக்கில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அடி முழுக்க மெல்லிசாகத் தடவினேன்.

"என்ன தங்கச்சி, சட்டிக்குப் பட்டை போடுறீங்களா?"

"ஓம், கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.

இலக்கங்கள் பெட்டிப்பாம்பாக அடங்கின. நடுவில் ஒரு மில்லிமீட்டர் பள்ளம் என்று காட்டியது. முதலாளி நம்பவில்லை. இரும்பு அடிமட்டத்தைக் குறுக்கே வைத்துக் குனிந்து பார்த்தார். அடிமட்டத்துக்குக் கீழே நடுவில் மட்டும் மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. நிமிர்ந்தவர், "இன்னும் ரெண்டு மெஷின் வேணும். பேபி பவுடர் நான் வாங்கி வைக்கிறன், முருகன்ட திருநீற முடிக்க வேணாம்" என்றார்.

பொஸ்ஸுக்கு மறுபடி கோல் எடுத்தேன். "கழட்டேல்லை சேர். இன்னும் ரெண்டு கேக்கினம்" என்று சொல்லும்போது என் குரல் பட்டறை முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

ஒபிஸ் டெலிபோனை இப்போது வேறு ஆள் எடுக்கிறார். நான் எந்த இடத்துக்கு மெஷின் பூட்டப் போனாலும், எனக்கு வசதியான அட்டையில் சரிவந்ததை நம்பாமல், அங்கே இருக்கிறதிலேயே ஆக மினுங்குகிற சாமானில்தான் முதலில் வைத்துப் பார்க்கிறேன்.