பேர் வெட்டாத தோசைக்கல்

மாடி ரூமுக்குக் குடிவந்திருக்கும் தம்பி பழைய இரும்புச் சட்டிகள் சேகரிப்பவராம். இன்று காலை எங்கள் தோசைக்கல்லைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கைப்பிடி வைத்த கனமான வார்ப்பிரும்பு. எண்பதுகளில் அதே ரூமில் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஊருக்குத் திரும்பும்போது எங்களிடம் கொடுத்தது.

"கம்பெனி பேரே இல்லீங்கக்கா. ஆனா கைப்பிடிகிட்ட ஒரு கோடு இருக்கு. அத வச்சே கண்டுபிடிச்சிடலாம்."

படமெடுத்து ஏதோ குரூப்பில் போட்டார். பத்தே நிமிடத்தில் மூன்று பேர் மூன்று கம்பெனி சொல்லிவிட்டார்கள்.

எனக்கோ தோசை ஊற்ற நேரமாகிவிட்டது.

"தம்பி, அது விரிசல். எங்கம்மா இதுலயும் பேர் வெட்டணும்னு கடைக்கு எடுத்துட்டுப் போனாங்க. 'வார்ப்பும்மா, உளி வச்சா விரிசல் விட்டுடும்'னு கடைக்காரர் சொன்னாரு. அம்மா கேக்கல. மொத அடியிலயே விட்டுடுச்சு."

தம்பி போனைப் பார்த்தார். "இப்ப சொன்னா குரூப்ல யாரும் நம்ப மாட்டாங்கக்கா."

ஸ்பூனில்கூட அம்மா பேர் இருக்கும் வீடு இது. அதையெல்லாம் தினமும் கழுவிக் கவிழ்க்கிறேன்; ஒன்றும் தோன்றுவதில்லை. இந்த விரிசலைப் பார்த்தால்தான் அம்மா ஞாபகம் வருகிறது.

உங்கள் வீட்டில் பேர் வெட்டாமல் தப்பித்தது எது?