சுடாத காலுக்கு ஏது தீமிதி

வெள்ளிக்கிழமை விடிகாலை தா.பழூரில் பஸ் ஏறினோம். நான், என் வீட்டுக்காரர், அவர் தம்பி செல்வம். ஜெயங்கொண்டத்திலும் அரியலூரிலும் மாறிப் பெரம்பலூர் போகணும். எண்பது கிலோமீட்டர் இருக்கும். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக முடியும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் எந்தச் சேலையும் சாம்பல் நிறந்தான். அரியலூர் ஸ்டாண்டில் டீ பதினைந்து ரூபாய். அவருக்குச் சர்க்கரை போடாமல்.

போன காரணமும் அந்தச் சர்க்கரைதான். கால் மரத்துப் போய் நாளாச்சு. போன வருஷம் எங்கள் மாரியம்மனுக்குத் தீ மிதித்தவர், "இந்தத் தடவ சுடவே இல்ல"ன்னார். ஆத்தா அருள்னு ஊரே கும்பிட்டது. அப்புறம் குதிகாலில் வந்த புண் ஆற மாசக்கணக்காச்சு. இந்த வருஷத் தீமிதிக்கு அடுத்த வெள்ளி காப்புக் கட்டு.

பத்து மணிக்குப் பெரம்பலூரில் நரம்பு டாக்டரம்மா கூப்பிட்டார். "கண்ண மூடிக்குங்க ஐயா. தொடுறப்பல்லாம் சொல்லுங்க" என்று மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் அழுத்தினார். பெருவிரலில், நடுப்பாதத்தில், குதிகாலில். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இவர் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ஆரம்பிக்கலீங்களா?" என்றார்.

சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி டாக்டரம்மா சொன்னார். மூளையும் தண்டுவடமும் ஒரு பிரிவு. அங்கிருந்து உடம்பெல்லாம் ஓடுகிற நரம்புகள் இன்னொரு பிரிவு. அதில் சேதியை மேலே கொண்டுபோவது வேறு, உத்தரவைக் கீழே கொண்டுவருவது வேறு. நாம் கேட்காமலே இதயத்தையும் குடலையும் கவனித்துக்கொள்வதும் உண்டு.

"ஒரு நரம்பணு முதுகெலும்பு ஓரமா உக்காந்திருக்கும்மா. அதோட இழை ஒண்ணு கால் விரல் வரைக்கும் நீளும். மோட்டார் வயருக்கு உறை மாதிரி, வேற அணுக்கள் அதைச் சுத்தி மூடியிருக்கும். மூளைக்குள்ளயும் இப்படித் துணை அணுக்கள் இருக்கு, ஊட்டுறதுக்கு, குப்பை அள்ளுறதுக்கு. சர்க்கரை வந்தா நீளமான இழைதான் முதல்ல கெடும். அதனாலதான் கால்."

"அப்புறம் எப்படிங்க நடக்குறாரு?"

"உத்தரவு போகுது. சேதி திரும்பி வரல."

"தீ மிதிக்கலாமா டாக்டர்?" செல்வம் கேட்டான்.

"வெந்தாலும் தெரியாதுங்க. புண்ணு பெருசானா காலையே எடுக்க வேண்டி வரலாம்."

நான் எட்டாவது வரைதான் படித்தவள். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஒரு மனுஷன் காலுக்குள் ஆத்தா இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்து வைத்திருக்கிறாளே!

வந்தது வந்தோம் என்று திருச்சி பஸ்ஸில் எட்டு கிலோமீட்டர் போய்ச் சிறுவாச்சூரில் இறங்கினோம். அங்கே அம்மன் கோயிலில் திங்கள், வெள்ளிதான் நடை திறப்பு, கூட்டம் நெரிந்தது. கும்பிட்டு வெளியே வந்ததும் செல்வம் ஆரம்பித்தான்.

"அண்ணி, டாக்டருக்கு நம்ம சாமியப் பத்தி என்ன தெரியும்? போன வருஷம் சுடலியே!"

"முன்னெல்லாம் சுடுதுன்னு தெரிஞ்சே மிதிச்சாரு பாரு, அது காணிக்கை. செத்த நரம்ப அருள்னு சொல்லி ஆத்தா மேல பழி போடாத தம்பி."

"அப்ப அண்ணனோட நேர்த்திக்கடன்?"

"நான் மிதிக்கிறேன்."

"பொம்பளையா? நம்மூர்ல பால்குடத்தோட சரி."

"நம்மூர்ல சாமியே பொம்பளதான்."

கோயில் வாசலில் கேட்டுக்கொண்டிருந்த பூக்காரம்மா சிரித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "சுடும் புள்ள" என்றார் மெதுவாக.

"சுடட்டும். எனக்குத் தெரியுதுல்ல."

பெரம்பலூருக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் மாத்திரையோடு திரும்புவார்கள். நான் ஒரு தைரியத்தோடு திரும்பினேன். அதைக் கொடுத்தது படமா, சாமியா என்று பிரிக்கத் தெரியவில்லை, பிரிக்கவும் போவதில்லை.

தா.பழூரில் இறங்கியதும் செல்வம் நேரே பூசாரி வீட்டுக்கு நடையைக் கட்டினான், என்மேல் முறையிட. நானும் பின்னாலேயே போனேன், காப்புக்குப் பேர் கொடுக்க.