வரி நோட்டில் இல்லாத வீடு

வேனில் ஏறியவர்கள் இருபது பேர். பெரியப்பா வீட்டில் ஐந்து பேர், சித்தப்பாமார் இருவர் வீடுகளில் நான்கு நான்கு பேர், மூத்த அண்ணன் வீட்டில் மூன்று பேர், எங்கள் வீட்டில் அம்மா, தங்கை, நான். மனைவியை இழந்து தனியாக இருந்த கடைசிச் சித்தப்பா ஒருவர். ஏறாதவர்கள் மூன்று பேர். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட ஆள் வேண்டும் என்று அப்பா தானாகவே நின்றுகொண்டார். மற்ற இருவர் தாங்களாக நிற்கவில்லை. ஒருவர் மதினி, இறந்துபோன என் ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி. இன்னொருத்தி ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த அவர் மகள். அவர்களை நிறுத்தியது நான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் ரோட்டில் இறங்கி இரண்டு மைல் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். நான் பி.காம். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் சொக்காரர்களில், அதாவது பங்காளி வீடுகளில், எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவர் யாருமில்லை. அதனால் எழுத வேண்டியது எதுவாக இருந்தாலும் என்னிடம் வரும். ரேஷன் கார்டுக்கு மனு, கரண்டு ஆபீசுக்கு மனு, சித்திரையில் நடக்கும் அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்கு வரி நோட்டு.

கொடைக்கு வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வைப்பார்கள். மணமான ஆண் ஒருவர் இருக்கும் வீடு ஒரு தலைக்கட்டு. வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் ஒன்றுதான், ஒருவர் இருந்தாலும் ஒன்றுதான். தனியாக இருந்த கடைசிச் சித்தப்பாவும் முழு வரி கட்டினார். மதினிக்கு மட்டும் வரி இல்லை. அண்ணன் இறந்த வருஷம் பெரியப்பா, “தாலியறுத்த பிள்ளகிட்டப் போயி வரின்னு கை நீட்டவா? அவளுக்கு வேண்டாம். பேர அடிச்சிரு” என்றார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் சரி என்றார்கள். அண்ணன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தவன் நான்தான். பெரியப்பாவை நினைத்து அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இன்றும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். கொடை முடிந்ததும் பொங்கச்சோறும் தேங்காய் மூடியும் எல்லா வீட்டையும்போல அவர் வீட்டுக்கும் போகும்.

அந்த வருஷக் கொடை முடிந்த கையோடு டூர்ப் பேச்சு வந்தது. வைகாசியில் காட்டில் வேலை கிடையாது. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பிள்ளைகளுக்கு லீவு. “கன்னியாகுமரி போயி, அப்படியே திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலையையும் பாத்துட்டு வந்துருவோம். ரெண்டு நாளு” என்று ஆரம்பித்து வைத்தவன் நான். பஸ் ஸ்டாண்டுக் கடையில் ரோடு மேப் ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்து அளந்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு வேன் வாடகை என்று கணக்குப் போட்டேன். ஓட்டல் செலவு கூடாது. வீட்டுக்கு ரெண்டு படி அரிசி, மண்ணெண்ணெய் அடுப்பு, சோறு பொங்கப் பெரிய குத்துப்போணி. முதல் நாளுக்குப் புளிச்சோறு. ராத்திரி சத்திரம்.

செலவை எப்படிப் பங்கிடுவது என்று கேட்டபோது எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. கையில் கொடை நோட்டு இருந்தது. அதிலிருந்த பெயர்களை அப்படியே அடுத்த பக்கத்தில் வரிசையாக எழுதினேன்.

“ஏலே, அஞ்சு பேருக்கும் அதே துட்டு, தனியாளு எனக்கும் அதே துட்டா?” என்று கடைசிச் சித்தப்பா சண்டைக்கு வந்தார்.

“நீரு அஞ்சாளு சோத்தத் திம்பீருல்லா, சரியாப் போச்சு” என்றார் பெரியப்பா. எல்லாரும் சிரித்தார்கள். பங்கு முடிவானது. ஆறு தலைக்கட்டு.

முன்பணம் இருநூறு வாங்க வீடு வீடாகப் போனேன். நோட்டிலிருந்த வரிசைப்படிதான் போனேன். நோட்டில் மூத்த அண்ணன் வீட்டுக்கு அடுத்தது எங்கள் சித்தப்பா வீடு. தெருவில் இரண்டுக்கும் நடுவில் மதினி வீடு. வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மகள் ஒட்டிய பெட்டிகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

“என்ன கொழுந்தனாரே, கொடை முடிஞ்சு பத்து நாளு ஆகல. அதுக்குள்ள நோட்டத் தூக்கிட்டீக. அம்மனுக்கு மறுபடியும் பசிச்சிருச்சோ?”

“வரி இல்ல மதினி. டூர் போறோம்.”

“நீங்களா கூட்டிட்டுப் போறீக? அப்ப வேன் வீடு வந்து சேந்த மாதிரிதான்.”

நான் நோட்டை விரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எந்த ரோடு, எங்கே சாப்பாடு, சூரியன் உதிப்பதை எந்த இடத்தில் நின்று பார்ப்பது என்று ஒன்று விடாமல் சொன்னேன். எனக்குக் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம். மகள் பெட்டிகளை விட்டுவிட்டுக் கிட்டே வந்தாள்.

“சித்தப்பா, அங்கன நீர்யானை உண்டுமா?”

“உண்டு.”

“காண்டாமிருகம்?”

“அதுவும் உண்டு.”

“போன வருசம் பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாவ. துட்டு இல்லன்னு நான் அனுப்பல. மூணு நாளு எங்கிட்டப் பேசல இவ” என்றார் மதினி. பிறகு மகளின் தலையில் பசை ஒட்டாத புறங்கையால் தட்டி, “இந்தத் தடவையாவது பாத்துரட்டும்” என்றார்.

நான் “ம்” என்றேன். எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அந்த ஒற்றை எழுத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது என் காதில் விழுந்தது. பொருளும் விளங்கியது. ஆனால் நோட்டில் அவர் வீடு இல்லை. நோட்டில் இல்லாத வீட்டை வேனில் ஏற்றுவது என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. மதினியோ, வரியைப்போல இதற்கும் தன்னிடம் பணம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், கிளம்பும்போது கையில் கொடுத்துவிடலாம் என்று இருந்திருக்கிறார். இது பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வேறு மாநிலத்துக்குள் போக வண்டிக்குப் பெர்மிட் எடுக்க வேண்டும், ஏறுகிறவர்கள் பெயரை எழுதித் தாருங்கள் என்று டிரைவர் கேட்டிருந்தார். கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எழுதினேன். இருபது பெயர், வயது, தகப்பன் பெயர். என் கையெழுத்தைப் பார்த்து டிரைவர், “அச்சடிச்ச மாதிரி இருக்கு அண்ணாச்சி” என்றார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் என்னை அண்ணாச்சி என்றதில் கொஞ்சம் மிதந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலம் கிளம்ப வேண்டும். புதன்கிழமை மத்தியானம் அந்தப் பிள்ளை ஓடி வந்தாள்.

“சித்தப்பா, எனக்கு ஜன்னல் சீட்டு. இப்பவே சொல்லிட்டேன். அம்மைக்கு வேண்டாமாம், அம்மைக்கு வாந்தி வருமாம்.”

அவள் போன பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை. பெரியப்பாவிடம் போனேன்.

“அவளையா? அவளுக்குத்தான் வரி இல்லையேலே” என்றார்.

“இது வரி இல்லையே பெரியப்பா.”

“நோட்டு அதுதான? அவகிட்டத் துட்டு வாங்குனா ஊரு காறித் துப்பும். வாங்காம ஏத்துனா உங்க கடைசிச் சித்தப்பன் சும்மா இருப்பானா? நாலு ஊருக்குக் கேக்கக் கத்துவான். பேரும் எழுதிக் குடுத்தாச்சு. நீ படிச்சவன்லா, பதமா எடுத்துச் சொல்லிரு.”

அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: “நான் வரல. நீயும் நில்லு. ரெண்டு எடம் ஆச்சுல்லா. தாயும் பிள்ளையும் போயிட்டு வரட்டும்.”

“சும்மா இரும்மா. நான் இல்லாம இவிய எப்படிப் போவாவ?”

இருபது பேரும் நான் இல்லாமல் போயிருப்பார்கள். ரோடு டிரைவருக்குத் தெரியும். மிருகக்காட்சிசாலையில் ஒவ்வொரு கூண்டுக்கும் முன்னால் நின்று பலகையை வாசித்து விளக்கம் சொல்வதாக நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அதை விட எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

சாயங்காலம் மதினி வீட்டுக்குப் போனேன். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருந்தது. முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். பெட்டி ஒட்டும் வேலையை இரண்டு நாள் முன்னதாகவே முடித்து ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டதாக, நான் வாய் திறப்பதற்குள் சொன்னார்.

“மதினி, பெர்மிட்டுன்னு ஒண்ணு இருக்கு. அதுல இருபது பேருதான் எழுதியிருக்கு. எழுதுனதுக்கு மேல ஒரு ஆளு இருந்தாலும் செக்போஸ்டுல விடமாட்டான். பேரு குடுத்தாச்சு. இனிமே மாத்த முடியாது.”

மாற்ற முடியுமா என்று நான் டிரைவரிடம் கேட்கவே இல்லை. முடியும் என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் கேட்கவில்லை.

மதினி சட்டியில் கிடந்த முறுக்கைத் திருப்பிப் போட்டார். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சட்டம்னா சட்டந்தான தம்பி. நான் எப்ப வாரேன்னு சொன்னேன்? இந்தக் கழுதைதான் தெருவெல்லாம் சொல்லிட்டு அலையுது. ஏட்டி, அந்த டப்பாவ எடு.”

எப்போதும் கொழுந்தனாரே என்பவர் அன்று தம்பி என்றார். டப்பா நிறைய முறுக்கை அடுக்கி என் கையில் கொடுத்தார். “வேனுக்குன்னு சுட்டது. பிள்ளைகளுக்குக் குடுங்க.” நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டேன்.

அது இருபத்திரண்டு சீட் வேன். ஆள் ஏறியதும் கடைசி வரிசையில் மிச்சமிருந்த இரண்டு சீட்டில் அரிசிச் சாக்கையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் வைத்துக் கயிற்றால் கட்டினோம். திருநெல்வேலி தாண்டியதும் பிள்ளைகள் பசி என்றார்கள். முறுக்கு டப்பாவைத் திறந்தேன். நாகர்கோவிலுக்குள் அது காலி.

“ருசியா இருக்கே, யாரு சுட்டது?” என்று டிரைவர் கேட்டார்.

அம்மாதான் பதில் சொன்னாள். “ஒரு பிள்ள சுட்டுச்சு. அதுக்கும் அது மகளுக்கும் பெர்மிட்டுல எடம் இல்லையாம்.”

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “ரெண்டு சீட்டு சும்மாதான கெடக்கு? சொல்லிருந்தா வேற தாளு எழுதியிருக்கலாமே அண்ணாச்சி. உங்க கையெழுத்துக்கு அஞ்சு நிமிசம்.”

பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் அம்மா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்துத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாகியிருக்கும்.

பயணம் நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. பெரியம்மா கடலில் கால் நனைத்துவிட்டுச் சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார். கடைசிச் சித்தப்பா சங்கு மாலை வாங்கி, யாருக்கென்று சொல்லாமல் மடியில் கட்டிக்கொண்டார். மறுநாள் மிருகக்காட்சிசாலையில் நான் பலகைகளை வாசித்தேன். நீர்யானை தண்ணீரை விட்டு வெளியே வந்து முழு வாயையும் திறந்தது. பிள்ளைகள் கத்திய கத்தலில் காவல்காரர் ஓடி வந்தார். நான் வாசித்த எதையும் யாரும் கேட்கவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் தெருக்குழாயில் அந்தப் பிள்ளை குடத்தோடு நின்றாள். கேட்பாள் என்று பயந்து நானே முந்திக்கொண்டேன்.

“நீர்யானை தண்ணிக்குள்ளேயே கெடந்துச்சு. முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுது.”

“இந்தாப் பெருசா வாயத் தொறந்துச்சுன்னு எல்லாரும் சொல்லுதாவளே சித்தப்பா” என்றாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த சித்திரையில் வழக்கம்போல வரி நோட்டோடு கிளம்பினேன். தலைக்கட்டுக்கு முந்நூறு. மூத்த அண்ணன் வீட்டில் வாங்கிக்கொண்டு சித்தப்பா வீட்டைப் பார்த்து நடந்தேன்.

“நில்லுங்க.” மதினி வாசலில் நின்றார். “எங்க வீடு கண்ணுக்குத் தெரியலையோ?”

“உங்களுக்குத்தான் வரி இல்லையே மதினி.”

“உண்டு. எழுதுங்க.”

முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பத்தும் ஐம்பதுமாக மடித்து வைத்திருந்தார். பெட்டி ஒட்டிய காசு. ஒரு குரோஸ், அதாவது நூற்று நாற்பத்து நான்கு பெட்டி ஒட்டினால் கிடைப்பது சில ரூபாய்தான். முந்நூறு ரூபாய்க்கு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் என்று என் பி.காம். கணக்கு தானாகப் போட்டது.

“பெரியப்பா ஒத்துக்க மாட்டாவ” என்றேன்.

“அவிய கை நீட்ட வேண்டாம். நானாக் குடுக்கேன். நோட்டுல இல்லாத வீடு எதுலயும் இல்ல தம்பி. இவ பெரிய மனுசி ஆகப்போறா. நாளைக்கு நல்லது கெட்டதுக்கு நாலு பேரு எண்ணும்போது எங்களையும் எண்ணணும்.”

“யாரு பேருல எழுத?”

“எம்பேருலதான். இங்கன நிக்கது நான்தான?”

எழுதினேன். அந்த வரி மட்டும் கோணலாக இருக்கிறது. பெரியப்பா நோட்டைப் பார்த்துவிட்டு, “பொம்பள பேரா?” என்றார். பணத்தை எண்ணிப் பார்த்தார். அடிக்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் சொக்காரர்கள் சேர்ந்து எங்கும் போகவில்லை. எனக்கு மதுரையில் வேலை கிடைத்தது. இன்னொரு டூர் போடலாம் என்று ஒவ்வொரு கொடைக்கும் வாய் வரை வரும். சொன்னதில்லை. கொடைக்கு வந்து நோட்டு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவேன். மதினி ஏழு வருஷம் வரி கட்டினார். ஒரு வருஷம்கூடப் பாக்கி கிடையாது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இரண்டு பேரும் திருப்பூர் போய்விட்டார்கள். நோட்டில் அவர் பெயரை அடிக்கச் சொக்காரர்கள் சொன்னார்கள். நான் அடிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு ஒரு நாள் பழைய பக்கங்களைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தேன். டூருக்கு ஆன செலவு தலைக்கட்டுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய். வேனில் ஏறாத மதினிக்கும் மகளுக்கும் வரியாக ஆனது, முதல் மூன்று வருஷம் வருஷத்துக்கு முந்நூறு, அடுத்த இரண்டு வருஷம் முந்நூற்றைம்பது, கடைசி இரண்டு வருஷம் நானூறு. மொத்தம் இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.